விருந்தாளியா, வீட்டாரா? பல மொழிக்காரர் ஒரே சபையாவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, திருப்பூர், பெங்களூரு போன்ற ஊர்களின் தமிழ்ச் சபைகளில் இன்று ஜார்க்கண்ட், மிசோரம், நாகாலாந்து, கேரளம் என்று பல இடத்துக் கிறிஸ்தவர்களும் ஞாயிறுதோறும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கடைசி பெஞ்சில். அவர்களையும் சேர்த்து ஒரே சபையாக நடத்த நினைக்கும் ஆயர்கள், கமிட்டி உறுப்பினர்கள், பாடகர் குழுத் தலைவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

விசுவாசம் ஒன்றாக இருக்கும்போது தனியாக ஏன் மெனக்கெட வேண்டும்? தானாகவே ஒன்றாகிவிட மாட்டார்களா?

ஆக மாட்டார்கள். எருசலேமின் முதல் சபையிலேயே ஆகவில்லை. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர்கள் அதற்கு ஐக்கியத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து முடித்துக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து விநியோகத்தை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பிடமே அகப்பை போனது.

அதே நூலின் 11-ஆம் அதிகாரத்தில், ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் முதலில் அந்தியோகியாவில் வழங்கியதாகச் சொல்லப்படுகிறது. யூதரும் கிரேக்கரும் ஒரே சபையாகக் கூடிய ஊர் அது. அந்தக் கூட்டத்தை யூதர் என்றும் சொல்ல முடியாது, கிரேக்கர் என்றும் சொல்ல முடியாது. புதுப்பெயர் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

கணக்கெடுப்பிலிருந்து. இரண்டு ஞாயிறு வாசலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதினால் போதும்: பெயர், சொந்த ஊர், வீட்டில் பேசும் மொழி, ஊரில் எந்தச் சபை.

‘வடக்கத்திக்காரங்க, ஹிந்தி பேசுவாங்க’ என்று ஒரே பையில் போடுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. ஜார்க்கண்டிலிருந்து வரும் கிறிஸ்தவர் வீட்டில் முண்டாரியோ குடுக்கோ பேசுவார். பக்கத்து ஊர்க்காரரோடு சாத்ரி பேசுவார். ஹிந்தி அவருக்குப் பள்ளிக்கூட மொழி. ராஞ்சிப் பகுதியில் லூத்தரன் மிஷனரிகள் 1845-லேயே வந்துவிட்டார்கள். அங்கிருந்து வருபவர் நான்கைந்து தலைமுறைக் கிறிஸ்தவராக இருக்கக்கூடும். ‘புதுசா வந்த ஆத்துமா’ என்று அவரைத் தோளில் தட்டினால் மறுவாரம் வரமாட்டார். மிசோரம், நாகாலாந்துக்காரர்களுக்கு ஹிந்தியை விட ஆங்கிலம் கைகொடுக்கும்.

மாதம் எத்தனை முறை கூட்டு ஆராதனை வைக்கலாம்?

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். பிறகு மாதம் ஒன்று. வாரந்தோறும் வைத்தால் ஆறே வாரத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் ஓய்ந்துபோவார்கள். தாய்மொழியில் மட்டுமே ஜெபம் கைவரும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அழுது ஜெபிக்க இரண்டாம் மொழி உதவாது. எனவே தாய்மொழி ஆராதனையை நிறுத்தாதீர்கள். வெளிப்படுத்தல் 7:9-இல் சிங்காசனத்துக்கு முன் நிற்கும் கூட்டத்திலும் பல பாஷைக்காரர் இருக்கிறார்கள். மொழிகள் அங்கேயும் கரைந்துபோகவில்லை.

நாள் தேர்வுக்கு பெந்தெகொஸ்தே ஞாயிறு, அக்டோபர் முதல் ஞாயிறான உலகத் திருவிருந்து ஞாயிறு, மார்ச் முதல் வெள்ளியான உலக ஜெப நாள் மூன்றும் ஏற்றவை. எங்கள் முதல் தேர்வு புனித வெள்ளி. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை நடக்கும் சிலுவைத் தியானத்தில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு பேச்சாளர்கள், ஒரு வார்த்தைக்கு 20 முதல் 25 நிமிடம். இந்த அமைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஏழில் இரண்டையோ மூன்றையோ மற்ற மொழியினருக்குக் கொடுத்துவிடலாம். புதிதாக எந்த ஒழுங்கும் எழுத வேண்டியதில்லை.

வளைகுடா நாடுகளில் உள்ளவர்கள் வார விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் வெள்ளிக்கிழமையே ஆராதனை நாள். ஐக்கிய அமீரகத்தில் மட்டும் 2022 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது.

ஒரே ஆராதனையில் எத்தனை மொழி தாங்கும்?

பேசப்படும் மொழி இரண்டு. மூன்றாவது மொழி அச்சில் வரட்டும், அல்லது ஒரு பாடலாக, ஒரு வேதபாடமாக வரட்டும். அந்நிய பாஷையில் பேசுவோர் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஒருவரோடு என்று பவுல் 1 கொரிந்தியர் 14:27-இல் அளவு சொல்கிறார். அவர் பேசிய சூழல் வேறு என்றாலும் அளவு இங்கேயும் பொருந்துகிறது.

எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பதே ஆராதனை இரண்டரை மணி நேரம் இழுப்பதற்குக் காரணம். வேதபாடத்தை ஒரு மொழியில் வாசிக்கும்போது மற்றவர்கள் தங்கள் வேதாகமத்தில் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? ஆனால் வசன எண்ணை இரண்டு மொழியிலும் சொல்லி, பக்கம் புரட்ட பத்து விநாடி விட வேண்டும். அறிவிப்புகளைத் திரையிலோ தாளிலோ போட்டுவிடுங்கள். மொழிபெயர்க்க வேண்டியவை மூன்றே: வரவேற்பு, பிரசங்கம், ஆசீர்வாதத்துக்கு முந்தைய வேண்டுகோள்கள். இப்படிச் செய்தால் 90 நிமிடத்தில் முடியும்.

பிரசங்கத்தை மொழிபெயர்ப்பது எப்படி? எங்கே சொதப்புகிறது?

முதலில் நேரம். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் 12 நிமிடப் பிரசங்கம் 25 நிமிடமாகும். வழக்கமாக 30 நிமிடம் பேசுகிற ஆயர் ‘கொஞ்சம் சுருக்கிக்கிறேன்’ என்று மேலே ஏறினால் சுருங்காது. எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியதை வியாழக்கிழமைக்குள் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுங்கள், வசனக் குறிப்புகளோடு. மேற்கோள் வசனங்களை அவர் அந்த இடத்தில் சொந்தமாக மொழிபெயர்க்கக் கூடாது. கேட்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வேதாகம வாசகத்தையே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வாக்கியத்தை எங்கே உடைப்பது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும். தமிழில் கடைசியில்தான் வரும். ஆங்கிலப் பிரசங்கியார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் திணறுவார், அல்லது முடிவை ஊகித்துச் சொல்லிவிட்டு அடுத்த பாதியில் மாட்டிக்கொள்வார். முழு வாக்கியமாகவே கொடுக்க வேண்டும், இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல். ஹிந்தியிலும் வினை கடைசியில்தான் என்பதால் தமிழுக்கும் ஹிந்திக்கும் இடையே இந்தச் சிக்கல் குறைவு.

மூன்றாவதுதான் மிக நுணுக்கமானது. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் நாம், விலக்கிச் சொன்னால் நாங்கள். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இரண்டுக்கும் ஒரே சொல். பிரசங்கியார் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்; மொழிபெயர்ப்பாளர் பதற்றத்தில் ‘நாங்கள் தேவனுடைய பிள்ளைகள்’ என்கிறார். தமிழ் தெரிந்த காதுக்கு அந்த நொடியே வேலி போட்டாகிவிட்டது. ஜெபத்திலோ இது தலைகீழ். தேவனிடம் பேசுகையில் ‘எங்கள் பாவங்களை மன்னியும்’ என்றுதான் வர வேண்டும். ‘நம்முடைய பாவங்களை’ என்றால் அவரையும் பாவிகளோடு சேர்த்ததாகிவிடும். புது மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி தரும்போது அரை மணி நேரம் இதற்கு மட்டுமே ஒதுக்குங்கள். ‘நீர்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதரோடு பேசும் பழக்கத்தில் ஆண்டவரை ‘நீங்கள்’ என்று அழைத்துவிடுவார்கள். சபை முழுவதும் ஒரு கணம் தலை நிமிரும்.

மொழிபெயர்ப்பாளருக்குத் தனி மைக் வேண்டும், பிரசங்கியார் நிற்கும் அதே உயரத்தில், ஒரு கை தூரத்தில். கீழே தரையில் நிறுத்தினால் அந்த மொழிக்காரர்களும் கீழே என்று அர்த்தமாகும். சிலேடை, கிரிக்கெட், சினிமா வசனம் மூன்றும் கடக்காது, விட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரே இடையில் பிரசங்கம் செய்யத் தொடங்குவதும் உண்டு. பிரசங்கியாரின் ஒரு வாக்கியத்துக்கு அவர் நான்கு வாக்கியம் சொன்னால் அடுத்த முறை வேறு ஆளைப் பாருங்கள்.

வேற்று மொழிக்காரர் ஐந்தாறு பேர் மட்டுமே என்றால் மைக்கே வேண்டாம். பின்வரிசை ஓரத்தில் அவர்களை அரைவட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போகலாம். இப்படி உடனுக்குடன் சொல்பவருக்கு 20 நிமிடத்துக்கு மேல் தலை ஓடாது. மாற்ற ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

தமிழ் பேசுவோருக்குள்ளேயே சொற்கள் வேறுபடுகின்றனவே?

வேறுபடும். பழைய திருப்புதல் என்னும் தமிழ் வேதாகமத்தை வாசிக்கும் சீர்திருத்தச் சபையார் தேவன், கர்த்தர், பரிசுத்த ஆவி, கிருபை, ஞானஸ்நானம் என்பார்கள். கத்தோலிக்கர் கடவுள், ஆண்டவர், தூய ஆவி, அருள், திருமுழுக்கு என்பார்கள். வயதான கத்தோலிக்கர் வாயில் இன்னும் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் வருவார்கள்: பேதுரு, பவுல், யோவான். இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. கூட்டு வழிபாட்டு வேதபாடத்துக்கு அது ஏற்றது. வேதாகமச் சங்கீதங்களை மட்டும் அவரவர் மனப்பாட வடிவத்தில் சொல்ல விடுங்கள்.

ஒரு சொல்லில் கவனம் தேவை. பழைய திருப்புதலில் ‘ஜாதி’ என்றால் இனம், நாடு. மத்தேயு 28:19-இல் ‘சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்று வாசிக்கும்போது இருபது வயதுப் பிள்ளைக்கு வேறொன்றுதான் காதில் விழுகிறது. பல இனத்தார் கூடியிருக்கும் ஆராதனையில் இந்த வசனத்தை விளக்காமல் வாசிக்காதீர்கள்.

பாடல்கள்?

ஒரே மெட்டில் பல மொழிகளில் இருக்கும் பாமாலைகளை எடுப்பது சுலபமான வழி. ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் பாடலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் எல்லோரும் மேற்கத்திய மெட்டில்தான் சந்திக்கிறோம் என்றாகிவிடும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனை மரபு நம் கையில் இருக்கும்போது அது நமக்கும் நஷ்டம், வந்தவர்களுக்கும் நஷ்டம். கீர்த்தனையின் பல்லவி சிறியது, திரும்பத் திரும்ப வரும். அதை மட்டும் தேவநாகரி எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் உச்சரிப்பு மாறாமல் அச்சடித்துக் கொடுங்கள். சரணத்தைத் தெரிந்தவர்கள் பாடட்டும், பல்லவிக்கு எல்லோரும் சேரட்டும். அதேபோல ஒரு சாத்ரிப் பாட்டின் பல்லவியைத் தமிழ்ச் சபையும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆராதனை தொடங்கும் முன் பத்து நிமிடம் போதும்.

மிசோக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தாலும் பாடகர் குழுவில் சேர்த்துவிடுங்கள். வேல்ஸ் மிஷனரிகள் வழியாக வந்த டோனிக் சோல்ஃபா முறை மிசோ சபைகளில் ஊறியது. நம் பழைய பாடகர் குழுக்களிலும் அதே முறையில் நான்கு குரல் பாடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டோ ரே மி எழுதிய ஒரு தாளை நடுவில் வைத்தால், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே ஒரு மணி நேரத்தில் சேர்ந்து பாடிவிடுவார்கள். ச ரி க ம தெரிந்தவருக்கும் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

கர்த்தருடைய ஜெபத்தை எந்த மொழியில் சொல்வது?

அவரவர் மொழியில், ஒரே நேரத்தில். நடத்துபவர் முதல் வார்த்தையைச் சொன்னதும் மைக்கை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவர் மொழி மற்றவற்றை விழுங்கிவிடும். தமிழ் நீளம், ‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று நாம் முடிப்பதற்குள் ஆங்கிலக்காரர் இரண்டாம் வரிக்குப் போய்விடுவார். கடைசி ஆள் முடிக்கும்வரை அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்ற முடிவு வரியைக் கத்தோலிக்கர் ஜெபத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை. அவர்கள் முன்னதாக நிறுத்துவார்கள் என்பதை மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

திருவிருந்தில் எல்லோரும் சேரலாமா?

சபையைப் பொறுத்தது. தென்னிந்தியத் திருச்சபை, வட இந்தியத் திருச்சபை, மார்த்தோமா சபை மூன்றும் 1978 முதல் முறைப்படி உறவில் இருப்பதால் அவர்களுக்குள் தடையில்லை. கத்தோலிக்கர் பிற சபைத் திருவிருந்தில் பங்கெடுக்க அவர்கள் சட்டம் இடம் தருவதில்லை. பிற சபையாருக்கு நற்கருணை கொடுப்பதும் விதிவிலக்கான நிலைமைகளில்தான். இதை வாசலிலேயே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பீடத்தண்டை வந்து மண்டியிட்டவரைத் தாண்டிப் போவது போல வலிக்கும் காரியம் வேறில்லை. கத்தோலிக்கர் கணிசமாக இருந்தால் அன்று திருவிருந்தை விட்டுவிட்டு வார்த்தை வழிபாடாக வையுங்கள். ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது.

கிண்ணத்திலும் பழக்கம் வேறு: பொதுக் கிண்ணம், தனித்தனிச் சிறு கிண்ணம், தோய்த்துக் கொடுப்பது. எதை எடுத்தாலும் திராட்சரசமா, புளிக்காத சாறா என்று அறிவியுங்கள். மது தொடவே கூடாது என்ற உறுதியோடு இருப்பவர்கள் எந்தச் சபையிலும் உண்டு.

சமாதான வாழ்த்து இந்தக் கலப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, புதிய ஆராதனை முறைக்குக் கைகளால் சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைக் கேரளச் சிரியன் மரபிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மேற்கிலிருந்து வந்த சபைகள் நம் மண்ணின் பழைய சபையிடம் வாங்கிக்கொண்ட பொருள் அது.

செருப்பு, முக்காடு, ஆண் பெண் தனி வரிசை?

உள்ளூர் வழக்கத்தைப் படம் போட்டு வாசலில் ஒட்டுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். செருப்பைக் கழற்றும் சபையில் புதியவர் ஷூவோடு வந்தால் யாரும் அவர் காலைப் பார்க்கக் கூடாது. அவரே அடுத்த வாரம் கழற்றுவார். முக்காட்டுக்கு நாலைந்து துப்பட்டாக்களைக் கூடையில் வைத்தால் வேண்டுபவர் எடுத்துக்கொள்வார். பூ, பொட்டு, நகை பற்றி யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

சாப்பாட்டை எப்படி ஏற்பாடு செய்வது?

‘ஒவ்வொரு இனத்தாரும் தங்கள் உணவைச் சமைத்து எடுத்து வாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். உணவுத் திருவிழா மாதிரி அழகாக இருக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் அவரவர் தங்கள் மேசையைச் சுற்றியே நிற்பார்கள். திருநெல்வேலிச் சபைகளில் அசனம் என்று சொல்லும் பொதுப் பந்தியே சரியான வடிவம்: ஒரே அடுப்பு, ஒரே அண்டா, ஒரே பந்தி.

நூறு பேருக்கு அரிசி 12 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, குழம்புக்கு ஆட்டுக்கறி 10 முதல் 12 கிலோ அல்லது கோழி 14 கிலோ, பொரியலுக்கு முட்டைக்கோஸ் 8 கிலோ, மோருக்குத் தயிர் 5 லிட்டர். வந்திருப்பவர்களில் கட்டட வேலை, மில் வேலை செய்யும் இளைஞர்கள் அதிகமென்றால் அரிசியை 15 கிலோ ஆக்குங்கள். இந்தக் கணக்கை விடுவதால்தான் இரண்டாம் பந்தியில் சோறு பற்றாமல் போகிறது. பற்றாமல் போகும்போது காத்திருந்து சாப்பிட வருபவர்கள் யார் என்று பாருங்கள்: முன்னால் போய் உட்காரக் கூச்சப்பட்ட புதியவர்கள். கொரிந்துவில் முந்தி வந்தவர் சாப்பிட்டுவிட, பிந்தியவர் பசியோடிருந்ததைப் பவுல் கண்டித்தது (1 கொரிந்தியர் 11:21) இதே பந்திக்குத்தான். முதல் பந்தி பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும், கமிட்டி கடைசிப் பந்திக்கு.

வடகிழக்கு மாநிலத்தார் பலர் பன்றியும் மாடும் விரும்பி உண்பவர்கள். தமிழ்க் குடும்பங்கள் சில மாட்டைத் தொடாது. பொதுப் பந்தியில் கோழியும் காய்கறியும் வைத்துவிட்டால் சண்டையில்லை. யார் வீட்டில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது சபை பேச வேண்டிய பொருளே இல்லை. ரோமர் 14 அதைத் தீர்த்துவைத்துவிட்டது.

வெங்காயம் உரிக்க, பரிமாற, அண்டா கழுவ ஒவ்வொன்றுக்கும் இரண்டு மொழிக்காரர்களைச் சேர்த்துப் பெயர் எழுதுங்கள். அடிப்பிடித்த அண்டாவில் ஒருவர் இறங்கித் தேங்காய் நாரால் தேய்க்க, இன்னொருவர் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ‘சாய்’, ‘ஊத்து’, ‘போதும்’ மூன்று சொல்லும் அங்கே வந்துவிடும். பேச்சு அங்கிருந்து வளரும்.

தொழிலாளர்கள் தொடர்ந்து வருவதில்லை. ஆர்வம் இல்லையா?

ஷிப்ட்டைக் கேட்டீர்களா? பல இடங்களில் ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் விடுப்பு. துணி துவைப்பது, ஊருக்குப் பணம் அனுப்புவது, வீட்டுக்கு வீடியோ அழைப்பு எல்லாம் அந்த அரை நாளுக்குள் முடிய வேண்டும். காலை 8 மணி ஆராதனை அவர்களுக்கு எட்டாது. மாலை 4 அல்லது 5 மணி சரிவரும். விடுதியிலிருந்து ஆலயம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள்.

எப்போது அவர்கள் ‘நம்ம சபையார்’ ஆகிறார்கள்?

எபேசியர் 2:19-இல் பவுல் ‘அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்… தேவனுடைய வீட்டாருமாயிருந்து’ என்கிறார். விருந்தாளி வேறு, வீட்டார் வேறு. விருந்தாளிக்கு முதல் இலை கிடைக்கும், கைதட்டலோடு வரவேற்பு கிடைக்கும். வீட்டுச் சாவி கிடைக்காது. வருடக் கணக்காக ஒவ்வொரு கூட்டு ஆராதனையிலும் ‘நம் மத்தியில் வந்திருக்கும் வடகிழக்குச் சகோதரர்களை வரவேற்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், இருந்துவிட மாட்டார்கள்.

செய்ய வேண்டியது அலுவலக வேலைதான். ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்க உதவுங்கள். கடிதம் எழுதிக் கொடுக்க ஆளில்லாமலே பலர் வருடக்கணக்கில் பெயர் சேராமல் இருக்கிறார்கள். குடும்ப அட்டை போடுங்கள். சந்தா வாங்குங்கள், ‘பாவம், ஏழைப் பிள்ளைங்க’ என்று சந்தாவைத் தள்ளுபடி செய்யும் தாராளத்தில் ஓட்டுரிமையும் சேர்ந்து போய்விடுகிறது. கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். மிசோ வீடுகளில் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கு ஒதுக்குவது நூறாண்டு கடந்த வழக்கம். நம் பக்கத்துப் பிடியரிசிக் காணிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பொறுப்பு. காணிக்கை எண்ணும் மேசையில் ஒருவர், கமிட்டியில் இருவர், ஆலயச் சாவி வைத்திருப்பவர்களில் ஒருவர். கமிட்டியில் ஒரே ஒருவரைப் போட்டால் அவர் வாய் திறக்க மாட்டார், இரண்டு பேராகப் போடுங்கள். கூட்டத்தில் தமிழ் வேகமாகப் போகும். ஒவ்வொரு தீர்மானத்துக்கு முன்பும் நிறுத்தி அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மொழியைப் பற்றியே பேசுகிறீர்கள். சாதி?

உண்மையில் மொழி எளிது. மிசோரத்துக்காரரைக் கட்டித்தழுவும் அதே சபை பக்கத்துத் தெருக்காரரோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளாது. தொலைவிலிருந்து வந்தவரால் நம் சாதி அடுக்குக்கு ஆபத்தில்லை என்பதே அந்த அன்பில் பாதி.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம், இரண்டு சாதித் தரப்பும் கலக்காமல் உட்கார இரண்டு கைகளாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சந்திக்கும்படி அமைந்தது. உள்ளே இருந்த பிரிப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபைகளில் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையை விடவேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சைப் பகுதியில் பலர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள்.

இன்று சுவர் ஆலயத்துக்குள் நிற்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும். தேர் போகும் தெருவில் நிற்கும். திருமண விளம்பரத்தில் சபைப் பெயருக்கு அடுத்த சொல்லாக நிற்கும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை: கல்லறையில் இடம் வரிசைப்படி தரப்படுகிறதா, தெருப்படியா? பாடை தூக்குவது யார்? கமிட்டிப் பட்டியலில் எத்தனை தெருக்கள் இருக்கின்றன? அசனத்துக்குச் சமைப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டு சாப்பிட வராமல் போகிறவர் உண்டா? இதற்குப் பதில் தெரியாமல் பல்மொழி ஆராதனை தொடங்கினால், அது இந்த வேலையைத் தள்ளிப்போட நல்ல சாக்காகிவிடும்.

இரு பண்பாட்டார் திருமணம் செய்தால்?

திருமண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இரண்டு சபையிலும். மணமகனின் ஊர்ச் சபை தொலைவில் என்றால் இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். சடங்கில் எதைச் சேர்ப்பது என்பதை ஆயர் இரண்டு தாய்மார்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பது நல்லது; தகப்பன்மார் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள். மலையாளச் சிரியன் வழக்கில் மின்னு எனப்படும் ஆலிலை வடிவத் தாலியில் ஏழு மணியால் சிலுவை இருக்கும், மந்திரகோடி என்ற மணப்புடவையிலிருந்து உருவிய நூலில் கோத்துக் கட்டுவார்கள். தமிழ்ப் பக்கம் சிலுவையோ புறாவோ பதித்த தாலி. இரண்டையும் கட்டுவது உண்டு, மோதிரத்தோடு முடிப்பதும் உண்டு.

பிள்ளைகள்?

ஞாயிறு பள்ளியை மொழிவாரியாகப் பிரிக்காதீர்கள், வயதுவாரியாகப் பிரியுங்கள். மூன்றே மாதத்தில் அவர்களே உங்கள் மொழிபெயர்ப்பாளர்கள். வெளிநாட்டுத் தமிழ்ச் சபைகளில் சிக்கல் வேறு: பாட்டிக்குத் தமிழ், பேத்திக்கு ஆங்கிலம். ஒரே வேதபாடத்தைப் பாட்டி தமிழிலும் பேத்தி ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து நின்று வாசிக்கட்டும். பேத்தியின் தமிழ் உச்சரிப்பைச் சபை நடுவே திருத்த வேண்டாம்.

வெளியூர்த் தொழிலாளர் ஒருவர் இறந்துவிட்டால் சபை என்ன செய்ய வேண்டும்?

இதை முன்கூட்டியே எழுதி அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் ஓடாது. உடலை விமானத்தில் அனுப்ப மரணச் சான்றிதழ், உடல் பதப்படுத்திய சான்றிதழ், காவல்துறைத் தடையின்மைச் சான்று, பெட்டி முறைப்படி மூடப்பட்டதற்கான சான்று, கூடப் போகிறவரின் அடையாள அட்டை தேவைப்படும். விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் பேசி மற்ற விதிகளை உறுதிசெய்துகொள்ளுங்கள். மருத்துவமனையில் ஒருவர், காவல் நிலையத்தில் ஒருவர், தொலைபேசியில் குடும்பத்தாரோடு அவர்கள் மொழியில் பேச ஒருவர் என மூன்று பேராவது வேண்டும்.

குடும்பம் இங்கேயே அடக்கம் செய்யச் சொன்னால் சபையின் கல்லறைத் தோட்டத்தில் வரிசையில் அடுத்து வரும் குழியைக் கொடுங்கள். ஓரத்தில் தனியாக வேண்டாம். பெட்டியை முதல் சுற்றில் கமிட்டியார் தூக்கட்டும். அடக்க ஆராதனையில் ஒரு பாடலாவது அவர் மொழியில் இருக்கட்டும், ஊரில் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்குக் கேட்கும்படி கைபேசியைப் பாடகர் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். சிலுவையில் பெயரை எழுதுமுன் எழுத்துக்கூட்டலை வீட்டாரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.